கையைப் பார்

என் தம்பி பதினோரு முறை சாம்பியன். கை மல்யுத்தம், வலது கை, ஐம்பத்தைந்து கிலோவுக்குக் கீழ். சங்கத்தில் அவனை எறும்பு என்றுதான் கூப்பிடுவார்கள். தன் எடையைப் போலப் பல மடங்கு தூக்குமாமே, அதனால். அவனும் கூச்சப்படாமல் அந்தப் பெயரைச் சட்டைப் பையின் மேல் சிவப்பு நூலால் தைத்துக்கொண்டான். தைத்துக் கொடுத்தது நான்தான், இடது கையால்.

அவனுடைய எடைப் பிரிவில் மொத்தம் இரண்டு பேர். ஒருவன் என் தம்பி. இன்னொருவர் பஸ் நிலையத்துக்கு எதிரே வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். அறுபதை நெருங்குகிறார். கண்ணில் லென்ஸை இடுக்கி இடுக்கி ஒரு புருவம் நிரந்தரமாகத் தூக்கியே நிற்கும். எதைச் சொன்னாலும் நம்பாதவர் மாதிரி இருப்பார். அவருக்கு விரல்தான் பிழைப்பு. ரெஃப்ரீ ‘கோ’ என்று சொல்லி மூன்று எண்ணுவதற்குள் மரியாதையாகக் கையைச் சாய்த்துக் கொடுத்துவிட்டு, “நல்லா இழுத்தீங்க தம்பி” என்பார். தங்கம் தம்பிக்கு, வெள்ளி அவருக்கு. வெண்கலம் வாங்க ஆளில்லாமல் பெட்டியிலேயே கிடந்து அடுத்த வருடத்துக்குப் போகும். ஒரே வெண்கலப் பதக்கம் பதினோரு வருடம் பார்த்தது.

இதை நான் கேலிக்குச் சொல்லவில்லை. சரி, கேலிக்குத்தான் சொல்கிறேன். ஆனால் அந்தத் தங்கத்தின் மேல்தான் தம்பியின் நாற்காலி நின்றுகொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவனுக்கு வேலை பெயிண்ட் கம்பெனியில். இருபது லிட்டர் டின்களை லாரியில் ஏற்றும் பகுதியில்தான் சேர்ந்தான். ஐம்பத்து நாலு கிலோ ஆள் காலை எட்டிலிருந்து மாலை வரை டின் ஏற்றினால் என்ன ஆவானோ அது ஆனான்: ராத்திரி சாப்பாட்டுத் தட்டில் கை வைக்க முடியாமல் உட்கார்ந்திருப்பான். அங்கே ஒரு மேனேஜர், விளையாட்டுப் பைத்தியம். எந்தத் தொழிலாளி அந்த வருடம் பதக்கம் வாங்கி வருகிறானோ அவனுக்கு ஸ்டோர் ரூமில் நாற்காலி, மேஜை, ஒரு டேபிள் ஃபேன். போட்டோ எடுத்து வாசலில் மாட்டுவார். பதக்கம் வராத வருடம் மறுபடி லாரிக்குப் போக வேண்டும். தம்பி பதினோரு வருடமாக அந்த ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து டின்களை எண்ணிக்கொண்டிருந்தான். எண்ணுவதிலும் அவனுக்குச் சாமர்த்தியம் கிடையாது. எழுந்து போகச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

நான் சங்கத்தின் ரெஃப்ரீ. பிழைப்புக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அழுக்குப் போர்வை பிரிக்கிறேன். ரத்தம் ஒரு கூடை, மருந்து ஒரு கூடை, மற்றதெல்லாம் ஒரு கூடை. முன்பு அங்கேயே நீராவி இஸ்திரி மெஷினில் இருந்தேன். அது சுத்தமான வேலை, சம்பளமும் மேல். வலது கை போன பிறகு இந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். கை இருக்கிறது, எங்கும் போய்விடவில்லை. முழங்கைக்கு மேலே இரும்புத் தகடும் ஏழு திருகும் உள்ளே இருக்கின்றன. தோள் உயரத்துக்கு மேல் போகாது. தலை பின்ன முடியாது என்பதால் முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டேன்.

அது ஒன்பது வருடத்துக்கு முந்தைய கதை. அப்போது பெண்களுக்கு இரண்டு எடைப் பிரிவு இருந்தது, அறுபதுக்குக் கீழ் ஒன்று, மேலே ஒன்று. ஆண்களுக்கு ஏழு. போட்டி நடக்கும் ஹாலை மாலை ஐந்து மணிக்கு டான்ஸ் கிளாஸுக்குக் காலி செய்து கொடுத்தாக வேண்டும். நேரம் போதவில்லை. எதைக் குறைக்கலாம் என்று கமிட்டி கூடியது. ஏழில் ஒன்றைக் குறைக்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இரண்டை ஒன்றாக்கினார்கள்.

தம்பி அப்போதே கமிட்டியில் இருந்தான், வீரர்களின் பிரதிநிதியாக. நான் ஹாலின் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன். அவன் கை தூக்கியதைப் பார்த்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டதற்கு, “நாலு பொம்பளைங்கதானே அக்கா வர்றீங்க. ஒண்ணா இழுத்தா அரை மணி நேரம் மிச்சம்” என்றான்.

நான் அப்போது ஐம்பத்திரண்டு கிலோ. எதிரே வந்தவள் பேக்கரியில் மாவு பிசைகிறவள், எண்பத்து நாலு. அவள் மேல் எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் இல்லை. அவள் ஒழுங்காகத்தான் இழுத்தாள். வலி தாங்காமல் நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன், அது என் தப்பு. இந்த விளையாட்டில் முதல் நாளே சொல்லித் தருகிற பாடம் ஒன்று உண்டு: கண் தன் கையை விட்டு விலகக் கூடாது. கை ஒரு பக்கம், முகமும் தோளும் இன்னொரு பக்கம் என்று போனால் மேல் கை எலும்பு ஈரத்துணி பிழிவது போல முறுக்கிக்கொள்ளும். அதனால்தான் யார் முகம் திரும்பினாலும் ரெஃப்ரீ உடனே கத்த வேண்டும், “கையைப் பார்!” என்று. அன்றைய ரெஃப்ரீ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி நாலு ஐம்பது.

மேஜை மேல் சரிந்து கிடந்த என்னைப் பார்த்து பேக்கரிக்காரிதான் வாய்விட்டு அழுதாள். ஆஸ்பத்திரிக்குப் பன்னிரண்டு நாளும் வந்தாள். தம்பி ஒருமுறை வந்தான். கட்டிலருகே நின்று, “நீ கையைப் பாத்திருக்கணும் அக்கா. எடையெல்லாம் ஒரு விஷயமே இல்ல. எல்லாம் டெக்னிக்தான்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

பெண்கள் பிரிவு இன்றைக்கும் ஒன்றுதான். இழுக்க முடியாதவளை வீட்டுக்கு அனுப்ப மனமில்லாமல் என்னை ரெஃப்ரீ ஆக்கினார்கள். நல்ல ரெஃப்ரீ என்று பேரும் வாங்கிவிட்டேன். யார் முகம் எப்போது திரும்பும் என்று எனக்கு அவர்களுக்கு முன்னாலேயே தெரியும்.

இந்த வருடம் புதிதாகத் தலைவர் ஆனவர் டயர் கடைக்காரர். எதையும் மறைத்துப் பேசத் தெரியாத மனுஷன். முதல் கூட்டத்திலேயே போன வருடத்துப் பட்டியலை மேஜையில் போட்டார்.

“ஏழு பிரிவு, இருபத்தொரு பதக்கம். வந்த ஆம்பளைங்க எத்தன பேரு? பத்தொம்பது. ஆளுக்கொண்ணு குடுத்தும் ரெண்டு மிச்சம். இது போட்டியா, பந்தியா?”

வாட்ச்காரர் மட்டும் சிரித்தார். தலைவர் தொடர்ந்தார்.

“மூணு போதும். எழுபது வரைக்கும், தொண்ணூறு வரைக்கும், அதுக்கு மேல. எடை கொறஞ்சவன் எடை கூடினவன இழுத்துக் காட்டறதுதான்யா இந்த ஆட்டத்துல அழகே. மெஷின்ல ஏறி நின்னாலே தங்கம்னா அப்புறம் மேஜை எதுக்கு? மெஷினுக்கே மாலை போட்டுட்டுப் போயிடலாமே.”

தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. அடுத்த வாரம் வோட்டு என்று சொல்லிக் கலைந்தார்கள். கமிட்டியில் ஏழு பேர். மூன்று பேர் தலைவர் பக்கம், அவரையும் சேர்த்து. மூன்று பேர் தம்பி பக்கம், அவனையும் சேர்த்து. ஏழாவது, ரெஃப்ரீ என்ற முறையில், நான்.

வோட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் தம்பி வீட்டுக்கு வந்தான். வெறுங்கையை வீசிக்கொண்டு வருகிறவன், அன்றைக்கு ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். சமையலறை மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, ஒன்றை உரித்து, நார் எடுத்து, சுளை சுளையாக என் பக்கம் வைத்தான். இத்தனை வருடத்தில் அவன் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்ததில்லை.

“அக்கா, நாளைக்கு நீ எனக்குத்தானே போடுவே?”

“சொல்லு, கேக்கறேன்.”

“என்னத்த சொல்ல? நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல. அம்பத்து நாலு கிலோ ஆள எழுபது கிலோ ஆளோட இழுக்க விடலாமா? எலும்புக்குன்னு ஒரு கனம் இருக்கு. உள்ளங்கையே அவனுக்கு என்னோடது மாதிரி ஒண்ணரை மடங்கு. டெக்னிக்கு டெக்னிக்குனு வாய் கிழியப் பேசலாம். மேஜைல கை வச்சு இழுக்கறவனுக்குத்தான் தெரியும். ஒடஞ்சிட்டா யாரு வந்து ஒட்ட வைப்பா?”

என் வலது கை மேஜையில்தான் கிடந்தது, ஆரஞ்சுத் தோல்களுக்கு நடுவே. முழங்கைக்கு மேலே இருந்த தழும்பு அவனைப் பார்த்தபடி. அவனும் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, கைக்கு அடியில் சிக்கிய ஒரு தோலை மெல்ல இழுத்து எடுத்து ஓரமாகப் போட்டான். அப்புறம் அடுத்த பழத்தை உரிக்க ஆரம்பித்தான்.

நான் காத்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், பழம் உரித்து முடியும்வரை காத்திருந்தேன். ‘உனக்கு அன்னிக்கு இப்படித்தானே ஆச்சு அக்கா’ என்று ஒரே ஒரு வார்த்தை. அது போதும், நான் விழுந்திருப்பேன். மறுநாள் இரண்டு கையையும் தூக்கியிருப்பேன். அவன் சுளையை வாயில் போட்டு விதையைத் துப்பிவிட்டு, “அந்த நாற்காலி போச்சுன்னா நான் செத்தேன் அக்கா. மறுபடி டின் ஏத்த என்னால ஆகாது. நாப்பத்தொரு வயசாச்சு” என்றான்.

“பழம் இனிப்பா இருக்கு” என்றேன்.

“அப்போ போட்டுடுவே?”

“போய்ட்டு வாடா. இருட்டப் போவுது.”

மறுநாள் கூட்டத்தில் மூன்றுக்கு மூன்று வந்து நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தம்பி சிரித்த முகத்தோடு பார்த்தான். தலைவர் தீர்மானத்தை மறுபடி வாசித்து, ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். நான் வலது கையைத் தூக்கினேன். அது தோள் வரை வந்து நின்றது.

“ரெஃப்ரீ அம்மா, அது தூக்கினதா, இல்ல சும்மா சொறியறீங்களா?”

“தூக்கினதுதான் சார். இதுக்கு மேல போகாது.”

தம்பி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தான். படியில் இறங்கும்போது என்னை அவன் திட்டிய வார்த்தையை இங்கே எழுத முடியாது. கூடப் பிறந்தவளை அந்த வார்த்தையால் திட்டினால் அது தன் தாயையும் சேர்த்துத்தான் என்று அந்த மரமண்டைக்கு உறைத்திருக்காது. அதற்குப் பிறகு போட்டி வரை இரண்டு மாதம் அவன் என்னோடு பேசவில்லை. ஆனால் பயிற்சியை விடவில்லை. பாத்ரூம் பக்கெட்டில் ஈர மணலை நிரப்பி விரலால் தூக்குகிறானாம், மணிக்கட்டில் கயிறு கட்டிச் சைக்கிளை இழுக்கிறானாம் என்று தம்பி பெண்டாட்டி போனில் சொன்னாள். “ராத்திரி தூக்கத்துல கூட கைய மடக்குறாரு அண்ணி” என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

போட்டி ஞாயிற்றுக்கிழமை காலையில். ஹாலில் தரைக்குப் போட்ட மெழுகின் வாசனை, அதோடு உள்ளங்கையில் தேய்க்கிற சுண்ணப்பொடியின் தூசு. பெயிண்ட் கம்பெனி மேனேஜர் முதல் வரிசையில் கேமராவோடு உட்கார்ந்திருந்தார். புதிய எழுபது கிலோ பிரிவில் ஒன்பது பேர். அதில் தம்பிதான் ஆகக் குறைந்த எடை: ஐம்பத்து நாலு கிலோ இருநூறு கிராம். வாட்ச்காரர் பேர் கொடுக்கவில்லை. “என் விரலுக்கு இன்ஷூரன்ஸ் கெடையாதும்மா” என்று சொல்லிவிட்டார். அவரை எனக்குத் துணை ரெஃப்ரீ ஆக்கினார்கள். மேஜைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்.

தம்பி என் முகத்தைப் பார்க்காமல் மேஜைக்கு வந்தான். முதல் ஆட்டம் சலூன்காரரோடு, அறுபத்தாறு கிலோ. முழங்கைகளை மேஜை மேல் இருந்த சின்ன மெத்தையில் வைக்கச் சொல்லி, இரண்டு முஷ்டிகளையும் என் இரண்டு கையால் மூடி நேராக்கினேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவனைத் தொட்டேன். கை குளிர்ந்து கிடந்தது. “ரெடி... கோ.” அவன் மணிக்கட்டை உள்ளே மடக்கிச் சுருட்டிக்கொண்டு தன் உடம்பு மொத்தத்தையும் மேஜைக்குக் கீழே தொங்கவிட்டான். சலூன்காரர் கை ஒரு நொடி நடுங்கிவிட்டு விழுந்தது. ஹாலே கத்தியது. நானும் உள்ளுக்குள் கத்தினேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, எனக்குப் பெருமையாக இருந்தது. பதினோரு வருடம் வாட்ச்காரரின் கையைச் சாய்த்தே வீணாய்ப் போனவனுக்குள் இப்படி ஒரு ஆள் இருந்தான் என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. தலைவர் தொடையில் தட்டிக்கொண்டு, “பாத்தீங்களா, இதத்தான் நான் சொன்னேன்!” என்று நாலா பக்கமும் திரும்பித் திரும்பிச் சொன்னார்.

அடுத்ததில் ஒரு மெக்கானிக்கிடம் தோற்றான். அதற்கடுத்ததில் ஜெயித்தான். மாலை நாலரைக்கு வெண்கலத்துக்கான ஆட்டம். எதிரே பிளம்பர், அறுபத்தொன்பதரை கிலோ, குழாய்களைத் திருகித் திருகி முன்னங்கை தேங்காய் மாதிரி திரண்டவன். அதிகம் பேசாத, தன்மையான ஆள். இதில் ஜெயித்தால் தம்பிக்குப் பதக்கம், பதக்கம் வந்தால் நாற்காலி. மேனேஜர் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டார். பதினோரு வருடமாகப் பெட்டியில் கிடந்த அந்த வெண்கலத்தைத் தலைவர் எடுத்துத் துடைத்து வைத்திருந்தார்.

தம்பிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இழுத்துக்கொண்டிருக்கும்போதே ரெஃப்ரீயை ஒரு பார்வை பார்ப்பான், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ‘டீச்சர், இவன் கிள்ளறான்’ என்று பார்ப்பது மாதிரி. எதிராளியின் முழங்கை மெத்தையை விட்டு எழும்பினால் ஃபவுல். இரண்டு ஃபவுல் ஆனால் எதிராளி தோற்றதாகக் கணக்கு. அதை எதிர்பார்த்துப் பார்ப்பான். வாட்ச்காரரோடு இழுக்கும்போது அப்படித் திரும்பிப் பார்த்தால் ஒன்றும் ஆகாது. காலையிலிருந்தே அவன் திரும்பும்போதெல்லாம் நான் “கையைப் பார்” என்று அதட்டிக்கொண்டேயிருந்தேன். அவனும் சட்டென்று திரும்பிக்கொண்டான். அக்காவோடுதான் பேச்சு இல்லை, ரெஃப்ரீயின் சொல்லைக் கேட்டான்.

“ரெடி... கோ.”

இருவரும் நடுவில் சிக்கி நின்றார்கள். பிளம்பரின் முழங்கை எழும்பியது. “ஃபவுல்!” என்றேன். அது ஒன்று. மறுபடி முஷ்டிகளைச் சேர்த்து வைத்தேன். இரண்டாவது முறை “கோ” என்றதும் தம்பி நன்றாகத்தான் சுருட்டினான், ஆனால் பிளம்பர் தன் எடை முழுவதையும் பக்கவாட்டில் போட்டுவிட்டான். தம்பியின் கை மெல்ல மெல்லச் சாய்ந்தது. அப்போதுதான் பிளம்பரின் முழங்கை மெத்தையை விட்டு மறுபடி எழும்பியது, இரண்டு விரல் கனம் இருக்கும். அது என் பக்கம். வாட்ச்காரர் நின்ற இடத்திலிருந்து தெரியாது. எனக்கு நன்றாகத் தெரிந்தது.

தம்பிக்கும் தெரிந்தது. அவன் தன் கையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

எனக்கு வாய் இருந்தது. அதில் இரண்டு சொல் இருந்தது. ‘ஃபவுல்’ என்று சொன்னால் ஆட்டம் நின்றுவிடும், வெண்கலம் அவனுக்கு. ‘கையைப் பார்’ என்று சொன்னால் அவன் திரும்பிக்கொள்வான், ஆட்டம் போனாலும் எலும்பு தப்பிக்கும். எது சொல்லியிருந்தாலும் அவன் முழுசாக வீட்டுக்குப் போயிருப்பான். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு மாதக் கோபம் எதுவும் அந்த முகத்தில் இல்லை. அக்கா சொல்லிவிடுவாள் என்ற நம்பிக்கை மட்டும்தான் இருந்தது. ஆரஞ்சுத் தோலை என் கைக்கு அடியிலிருந்து எடுத்தபோது இருந்த அதே முகம்.

நான் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று பிற்பாடு மனசுக்குள் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். இரண்டு நொடிக்கு மேல் இருக்காது. இரண்டு நொடி ரொம்ப நீளம். அதற்குள் எனக்கு மணி நாலு ஐம்பது ஞாபகம் வந்தது, பன்னிரண்டு நாளில் ஒருமுறை வந்தது ஞாபகம் வந்தது, முடியை வெட்டிக்கொண்ட கண்ணாடி ஞாபகம் வந்தது. வாய் வராமல் போய்விட்டது என்று யாராவது எனக்காகப் பரிந்து பேசினால் நம்பாதீர்கள். வாய் நன்றாக இருந்தது. நான்தான் திறக்கவில்லை.

சத்தம் கடைசி வரிசை வரை கேட்டதாம். எனக்கு அது பழகின சத்தம்.

பிளம்பர் கையை உதறிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதான். தம்பியின் முழங்கைக்கு மேலே இன்னொரு முழங்கை இருப்பது போல் இருந்தது. அவன் உடனே அலறவில்லை. “அக்கா, ஃபவுலு... ஃபவுலு அக்கா” என்றான். அப்புறம்தான் அலறினான். மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்து வாட்ச்காரர் தூக்கிய புருவத்தோடு என்னைப் பார்த்தார்.

நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். தகடு, எட்டுத் திருகு. என்னைவிட ஒன்று அதிகம். ரத்தக் கூடையில் வந்த போர்வைகளில் அவன் வார்டு எண் போட்டவையும் இருந்தன, நானேதான் பிரித்தேன். இரண்டாவது நாள் மதியம் பார்க்கப் போனேன். கட்டு போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தான்.

“அவன் முழங்கை எழும்பிச்சே அக்கா. நீ பாக்கலையா?”

“நான் உன்னைப் பாத்துக்கிட்டிருந்தேன்டா.”

அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. நான் சொன்னதை அவன் பாசம் என்று எடுத்துக்கொண்டான்.

“நீ கையைப் பாத்திருக்கணும்” என்றேன். ஒன்பது வருடமாக வைத்திருந்த வார்த்தை. சொன்னால் நெஞ்சு குளிரும் என்று நினைத்திருந்தேன்.

“ஆமாக்கா” என்றான். “என் தப்புதான். காலைலேர்ந்து நீயும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தே.”

நெஞ்சு குளிரவில்லை. தப்பை இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிற ஆளை எப்படி வெறுப்பது? அடுத்த நாள் வாட்ச்காரர் கடை வழியாகப் போனபோது அவர் லென்ஸைக் கழற்றாமலே கேட்டார்: “அந்த எல்போ உங்க பக்கம்தானேம்மா?”

“தெரியல சார்.”

“ம். நானும் கத்தியிருக்கலாம். மூஞ்சி திரும்பினது எனக்கும் தெரிஞ்சுது. நீங்க கத்துவீங்கன்னு விட்டுட்டேன்.” வேறு ஒன்றும் சொல்லாமல் ஒரு சின்னச் சக்கரத்தை இடுக்கியால் எடுத்து உள்ளே வைத்தார்.

அந்த ஒரு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பெயிண்ட் கம்பெனியில் மேனேஜர் மனசு கேட்காமல் தம்பிக்கு நாற்காலியை நிரந்தரமாகவே கொடுத்துவிட்டார். டின் தூக்க முடியாத கையை வைத்துக்கொண்டு லாரிக்கு எப்படி அனுப்புவார்? கேள்விப்பட்டபோது அதுகூட எனக்கு நிம்மதி தரவில்லை. சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ‘பாத்தேன்டா, பாத்துட்டுத்தான் சும்மா நின்னேன்’ என்று. அறைந்தால் அறையட்டும், இடது கையால். அவசரப் பொதுக்கூட்டம் என்று தபால் வந்தது. கூட்டம் முடிந்து வெளியே வரும்போது சொல்லிவிடலாம் என்று போனேன்.

ஹால் நிரம்பியிருந்தது. தம்பி கையைக் கழுத்தில் கட்டிய துணித்தொட்டிலில் போட்டுக்கொண்டு முன்னால் நின்று பேசினான். இவ்வளவு நன்றாகப் பேசுவான் என்று எனக்குத் தெரியாது.

“எடைன்னு ஒண்ணு சும்மா இல்லைங்க. கொறஞ்ச எடை ஆள பெரிய ஆளோட மோத விடறது வெளையாட்டு இல்ல, கொலை. இது எனக்கு நடந்துச்சு. இந்தச் சங்கத்துல இன்னொருத்தருக்கு நடக்கக் கூடாது. இதுதான் முதலும் கடைசியுமா இருக்கணும்.”

முதல் என்றான். முன் வரிசையில் நான் உட்கார்ந்திருக்கும்போதே முதல் என்றான். பேக்கரிக்காரி என் பக்கத்தில்தான் இருந்தாள். அவள் என் முழங்காலை அழுத்திப் பிடித்தாள்.

தலைவர் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தப்பு தன்னுடையதுதான் என்றார். பழையபடி ஏழு பிரிவு. எல்லாக் கையும் ஒரே நேரத்தில் மேலே போனது. இரண்டு நிமிடம் ஆகவில்லை. கைதட்டல் ஓய்ந்ததும் நான் எழுந்தேன்.

“பொம்பளைங்களுக்கு?”

தலைவர் பட்டியலைப் பார்த்தார், பிறகு தம்பியைப் பார்த்தார். வீரர்களின் பிரதிநிதி அவன்தானே.

“அது வேற விஷயம் அக்கா” என்றான் தம்பி, அன்பாகத்தான் சொன்னான். “நாலு பேருதானே வர்றாங்க. இதுல ஏழு ஆயிடுச்சு வேற. ஹால அஞ்சு மணிக்குக் குடுக்கணும்ல.”

சிலர் தலையாட்டினார்கள். அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

கூட்டம் முடிந்து வாசலில் செருப்பை மாட்டும்போது தம்பி பக்கத்தில் வந்து நின்றான். காற்று அடித்தது. “அக்கா, மேல் பட்டன போட்டு விடேன்” என்றான். போட்டு விட்டேன். சிவப்பு நூலில் எறும்பு என்று இருந்த இடத்தில் ஒரு தையல் பிரிந்திருந்தது. தடவிப் பார்த்தேன். சொல்ல வந்ததைத் தேடினேன். ஒரு மாதமாகச் சுமந்த அந்தக் குற்ற உணர்ச்சி இருந்த இடமே தெரியாமல் போயிருந்தது.

“ஒண்ணு கேட்டா மாட்டேன்னு சொல்லக் கூடாது” என்றான்.

“கேளு.”

“எடது கைக்கும் அம்பத்தஞ்சு கிலோ பிரிவு ஆரம்பிக்கச் சொல்லியிருக்கேன். வலதுதான் போச்சு, எடது நல்லாத்தானே இருக்கு. அடுத்த வருஷம் எறங்கிடுவேன்.” சின்ன வயதில் சிரிப்பதுபோல் சிரித்தான். “என் மேட்சுக்கெல்லாம் நீயே ரெஃப்ரீயா நில்லு அக்கா. நீ பக்கத்துல இருந்தாத்தான் எனக்குத் தைரியம்.”

“நிக்கறேன்டா” என்றேன்.